கை முறிந்தவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எதற்கு?

எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர் ஒருவர், கரும்பலகையில் எழுதிவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது கால் இடறி விழுந்தார். மேடையின் உயரம் அரை அடிதான். ஆனால் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவமனையில் கட்டுப் போட்ட மருத்துவர், கூடவே இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். சிறுநீரகத்தின் செயல்திறன் பாதிக்கும் கீழே குறைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அவருடைய பையில் எப்போதும் இரண்டு மாத்திரை அட்டைகள் இருக்கும். ஒன்று முழங்கால் வலிக்கு, மற்றொன்று கால்சியம். இரண்டையும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிட்டு வந்தார். கால்சியம் மாத்திரை சாப்பிடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். “கை முறிந்ததற்குச் சிறுநீரை எதற்கு சார் பார்க்கிறார்கள்?” என்று ஆசிரியர் அறையில் எழுந்த கேள்விக்கு அன்று எங்களில் யாரிடமும் பதில் இல்லை. பிறகு படித்தும் மருத்துவரிடம் கேட்டும் நான் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே பாடம்

எலும்பு மண்டலம், கழிவுநீக்க மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவற்றை நாம் தனித்தனிப் பாடங்களாக நடத்துகிறோம். உடலுக்குள் இவை மூன்றும் ஒரே பாடம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. கழிவை வடிகட்டுவதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. வெயிலிலிருந்தும் உணவிலிருந்தும் கிடைக்கும் வைட்டமின் டி அப்படியே உடலுக்குப் பயன்படாது. அது முதலில் கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் அடைந்த பிறகே குடலில் கால்சியத்தை உறிஞ்ச உதவும். உணவில் மிகுதியாக வரும் பாஸ்பரசை வெளியேற்றுவதும் சிறுநீரகம்தான்.

சிறுநீரகம் தளர்ந்தால் செயல்படும் வைட்டமின் டி குறைகிறது, பாஸ்பரஸ் தேங்குகிறது, இரத்தத்தில் கால்சியம் குறையத் தொடங்குகிறது. உடனே கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம் உள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் கூடுதலாக ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குத் தருகின்றன. உடலின் கால்சியத்தில் சுமார் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. வைப்பு நிதியில் முன்பணம் எடுத்துக்கொண்டே இருந்து, திருப்பிக் கட்டாமல் விட்டால் கணக்கு என்னவாகும்? எலும்புக்கும் அதுவே நடக்கிறது.

சர்க்கரை செய்யும் இரட்டைக் கேடு

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நெஃப்ரானின் நுண்ணிய வடிகட்டி சேதமடைகிறது. அதே சர்க்கரை எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தோடு ஒட்டி, எலும்பின் வளைந்துகொடுக்கும் தன்மையைக் குறைக்கிறது. அதனால்தான் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை இயல்பாக இருந்தாலும் எலும்பு முறியும் வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது. கால் மரத்துப்போதல், பார்வை மங்குதல், சர்க்கரை திடீரெனத் தாழ்தல் ஆகியவை கீழே விழவும் காரணமாகின்றன.

மாத்திரை வாங்கும் முன்

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் கால்சியத்தை அளவின்றி எடுத்துக்கொண்டால் அது எலும்புக்குப் போகாமல் இரத்தக் குழாய்ச் சுவரில் படியக்கூடும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நாள் முழுதும் நின்று பாடம் நடத்தும் நமக்கு மூட்டு வலி புதிதல்ல. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் இந்த மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து சாப்பிடக் கூடாது.

ஆண்டுக்கு இரண்டு பரிசோதனை

தொடக்க நிலையில் சிறுநீரக நோய் வலிக்காது. சிறுநீரின் அளவும் குறையாது. எனவே “எனக்கு ஒன்றுமில்லை” என்பதை அறிகுறியை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும் இவ்விரண்டையும் பார்க்க வேண்டும்.

1. சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம்: ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. கூடுதலாக இருந்தால் மீண்டும் பரிசோதித்து உறுதி செய்வார்கள்.

2. இரத்தத்தில் கிரியாட்டினின்: இதிலிருந்து ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வடிகட்டும் திறனைக் கணக்கிடுவார்கள். அது மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பொருள்.

கிரியாட்டினின் அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது இயல்பாக இருக்கும்போதே சிறுநீரில் அல்புமின் கசியத் தொடங்கிவிடலாம். பாதிப்பு உறுதியானால் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளையும் மருத்துவர் பார்ப்பார்.

அன்றாடம் செய்யக்கூடியவை

சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதே எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் முதல் பாதுகாப்பு. நாள்தோறும் நடக்க வேண்டும். புகைப்பழக்கத்தை விட வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்தால் உப்பு குறையும். கோலா பானங்களிலும் பொட்டல உணவுகளிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் எளிதில் உடலில் சேர்ந்துவிடும், அவற்றைத் தவிர்க்கலாம்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குக் கேழ்வரகு, பால், கீரை, சிறு மீன் எல்லாம் எலும்புக்கு நல்லவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்குப் பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கும் முக்கியம். அவர்கள் பக்கத்து இருக்கை ஆசிரியரின் உணவுப் பட்டியலைப் பின்பற்றாமல் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்க வேண்டும்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நம் ஆசிரியர் அறைகளிலும், நம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். கழிவுநீக்க மண்டலப் பாடத்தை அடுத்த முறை நடத்தும்போது, சிறுநீரகம் எலும்பையும் காக்கிறது என்ற ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லுங்கள். அதை வீட்டில் போய்ச் சொல்ல ஒரு பிள்ளையாவது இருக்கும்.

எங்கள் ஆசிரியர் கை குணமாகிப் பள்ளிக்குத் திரும்பிவிட்டார். இழந்த சிறுநீரகத் திறன் திரும்பாது. மேலும் குறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொள்கிறார். “அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு தடவை பார்த்திருக்கலாம்” என்கிறார். சர்க்கரை உள்ள ஆசிரியர்கள் இந்த மாதமே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.