கடல் கடந்த பிரதிவாதியும் நமது நீதிமன்றமும்

நமது நெசவாளர் சங்கங்களின் துணியும் விவசாயிகளின் மஞ்சளும் கடல் கடந்து செல்லுகின்றன. சரக்கைப் பெற்றுக்கொண்ட அயல்நாட்டு வியாபாரி பணம் அனுப்பாது நின்றுவிட்டால், அவர்மீது எந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது? நம் ஊரிலேயே தொடுக்கலாமே என்று அங்கத்தினர்கள் எண்ணுவது இயல்பே. ஆயின் இதில் இரு கேள்விகள் அடங்கியுள்ளன. நமது நீதிமன்றம் அவ்வழக்கை விசாரிக்கலாமா என்பது ஒன்று. அது அளிக்கும் டிக்ரி, அவருடைய சொத்து இருக்கும் நாட்டில் செல்லுபடியாகுமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை கிடைத்தவுடன் இரண்டாவதை மறந்துவிடுவோருக்கே நஷ்டம் நேரும்.

முதற்கேள்விக்கு 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு விடையளிக்கிறது. பிரதிவாதி வசிக்கும் இடத்தில் மட்டுமன்றி, வழக்கு மூலம், அதாவது வழக்கிடுவதற்குக் காரணமான நிகழ்ச்சி, முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ எழுந்த இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம். ஒப்பந்தம் முடிவான இடமும், பணம் செலுத்தப்பட வேண்டிய இடமும் இதில் அடங்கும். ஆகவே, சங்கத்தின் ஊரில் பணம் செலுத்துவதாக ஒப்புக்கொண்டவர் லண்டனில் வசிப்பினும், நமது நீதிமன்றம் அவ்வழக்கை விசாரிக்கலாம்.

இரண்டாவது கேள்விக்குப் பரீத்கோட் வழக்கு தக்க பாடமாகும். பரீத்கோட் சமஸ்தானத்தில் பொக்கிஷதாராக இருந்த குருதயாள் சிங் என்பவர், 1874இல் வேலையை விட்டு ஜீந்த் சமஸ்தானத்திற்குச் சென்றுவிட்டார். அவரிடமிருந்து பணம் வரவேண்டும் என்று 1879இல் பரீத்கோட் ராஜா தமது சமஸ்தான நீதிமன்றத்தில் வழக்கிட்டார். பிரதிவாதி ஆஜராகாமையால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி பிறந்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு லாகூரில் வழக்கிட்டபோது, விவகாரம் பிரிவி கௌன்சில் வரை சென்றது. 1894இல் அச்சபை, பணி நிகழ்ந்த இடம் பரீத்கோட் என்பது மட்டும் போதாது என்றும், அந்நாட்டை விட்டுச் சென்று, அந்நீதிமன்றத்திற்கு எவ்வகையிலும் உட்படாத ஒருவர்மீது பிறந்த டிக்ரி அயல்நாட்டில் வெற்றுக் காகிதமே என்றும் முடிவு செய்தது.

அப்படியாயின், அயல்நாட்டுத் தீர்ப்பு ஒருவரை எப்பொழுது கட்டுப்படுத்தும்? சென்னை உயர்நீதிமன்றம், ராமநாதன் செட்டியார் வழக்கில் ஐந்து நிலைமைகளைக் குறித்தது. பிரதிவாதி அந்நாட்டுப் பிரஜையாயிருத்தல், வழக்கு தொடங்கும்போது அங்கே வசித்தல், முன்பு தாமே அந்நீதிமன்றத்தில் வாதியாக வந்திருத்தல், வழக்கில் தாமாகவே ஆஜராதல், அந்நீதிமன்றத்திற்கு உட்படுவதாக ஒப்பந்தம் செய்திருத்தல் ஆகியவை அவை. முதல் நான்கும் நமது கையில் இல்லை. ஐந்தாவது ஒன்றே, சரக்கு அனுப்புமுன் நாம் செய்துகொள்ளக்கூடியது.

அவ்வாறு எழுதும்போது சொற்களில் கவனம் வேண்டும். குஜராத் உற்பத்தியாளர் ஒருவர் சேலத்து வியாபாரிக்கு உலோக இழைநூல் அனுப்ப 1974இல் ஒப்பந்தம் செய்தார். தகராறுகள் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை என்று அதில் கண்டிருந்தது. 'மட்டுமே' என்ற பொருள்படும் சொல் அதில் இல்லாமையால், சேலம் நீதிமன்றத்தின் அதிகாரம் நீங்கவில்லை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அச்சொல் இல்லாததே முடிவானதன்று என்று 2013இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் விளக்கியது. ஒரு சொல்லை எழுதாததனால் ஒரு தகராறு உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. எழுதுவதற்கோ காசு செலவில்லை.

அமெரிக்க வியாபாரியாயின் இன்னொரு தொல்லை உண்டு. நமது டிக்ரியை அங்கே நேராக நிறைவேற்ற இயலாது. அதனைக் கொண்டு அங்கே புதிதாக வழக்கிட வேண்டும். ஆனால் மத்தியஸ்தர் தீர்ப்புகளை ஏற்றுக்கொள்ளும் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்துள்ளன. எனவே ஒப்பந்தத்தில் மத்தியஸ்த ஷரத்தைச் சேர்ப்பது நலம்.

ஆகவே நிர்வாகக் குழுவினர் ஏற்றுமதி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் மூன்றை உறுதி செய்துகொள்க: பணம் எங்கே செலுத்தப்படும், தகராறு எங்கே தீர்க்கப்படும், வாங்குபவரின் சொத்து எந்நாட்டில் உள்ளது. தறியில் உட்கார்ந்து நெய்தவரின் கூலி, இம்மூன்று வரிகளில்தான் பத்திரமாகிறது.