நிர்ஹேதுக கிருபை

நிர்ஹேதுக கிருபை என்பது, பாவம் செய்தவரிடத்தும் இறைவன் காரணம் எதுவும் எதிர்பாராமல் அருள் கொள்கிறான் என்னும் வைணவக் கொள்கை ஆகும். தென்கலையார் இதனை ஏற்பர். வடகலையார் அருளுக்கு ஒரு முகாந்தரம் வேண்டும் எனக் கருதி, அதனை சஹேதுக கிருபை என்பர். பாவிகள் மீது கடவுள் கொண்ட அன்பு நிபந்தனையற்றதா என்னும் கிறித்தவ இறையியல் கேள்விக்கு இது மிக நெருக்கமானது.

வராக சரம சுலோகம்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திற்குத் தென்கிழக்கே அமைந்துள்ள ஸ்ரீமுஷ்ணம், வைணவர் போற்றும் எட்டுத் தான்தோன்றித் தலங்களுள் ஒன்று. இங்குள்ள இறைவன் பூவராகர். வராகர் பூமிப்பிராட்டிக்குக் கூறியதாக வழங்கும் வடமொழிப் பாடலே வராக சரம சுலோகம் எனப்படுகிறது. உடலும் மனமும் நலமாக உள்ளபோது ஒருவன் தன்னை நினைத்தால், அவன் கட்டை போலவும் கல் போலவும் நினைவிழந்து கிடக்கும் இறுதிக் காலத்தில் தான் அவனை நினைத்து, உயர்ந்த கதியில் சேர்ப்பதாக இறைவன் உறுதி கூறுகிறான் என்பது இதன் பொருள்.

இதிலுள்ள 'நினைத்தால்' என்பது நிபந்தனையா? சொல்லமைப்பில் நிபந்தனையே. எனினும் மனிதன் செய்வது ஒரு நினைவு மட்டுமே. எதுவும் செய்ய இயலாத நிலையில் எஞ்சிய அனைத்தையும் இறைவனே செய்கிறான்.

இரு விளக்கங்கள்

இச்சுலோகத்தை விளக்கி இரகசிய சிகாமணி என்னும் நூலை இயற்றிய வேதாந்த தேசிகர் (1268–1369), சரணாகதியை 'வியாஜம்', அதாவது அருளுக்கு ஒரு சாக்கு, என்றார். அதுவும் இல்லாவிடில், ஒருவருக்கு அருளி மற்றவரை விடும் இறைவன் ஓரவஞ்சனை உடையவன் ஆகிவிடுவான் என்பது அவர் தரப்பு வாதம். ஸ்ரீவசன பூஷணம் இயற்றிய பிள்ளை லோகாசாரியரோ, சரணாகதியையும் தன் முயற்சியாக எண்ணலாகாது என்றார். உயிர் செய்ய வேண்டுவது 'விலக்காமை' மட்டுமே. அதாவது, வரும் அருளைத் தடுக்காதிருத்தல்.

தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியும் இவ்விரு கொள்கைகளுக்கு வழக்கமாகக் காட்டப்படும் உவமைகள். இவை நினைவில் நிற்க உதவினாலும் வேறுபாட்டை மிகைப்படுத்துகின்றன. தேசிகரும் சரணாகதியை அருளுக்குக் கொடுக்கும் விலையாகக் கருதவில்லை.

உண்மையான பிளவு பாவத்தைப் பற்றிய பார்வையில் தெரிகிறது. ஈன்ற பசு கன்றின் மேலுள்ள அழுக்கை விரும்பி நக்குவது போல, இறைவன் அடியாரின் குற்றத்தையே இன்பமாகக் கொள்கிறான் என்பர் தென்கலையார். குற்றத்தைக் காணாதது போல் விடுகிறானே அன்றி விரும்புவதில்லை என்பது வடகலையார் மறுப்பு.

கிறித்தவத்தில்

மனிதர் பாவிகளாய் இருந்தபோதே கிறித்து அவர்களுக்காக உயிர் நீத்தார் என்று பவுல் எழுதியதால், அன்பு முந்தியது என்பதைத் திருச்சபைகள் பொதுவாக ஏற்கின்றன. மீட்புப் பெற மனிதன் பங்கு என்ன என்பதில்தான் பூசல். அருளுக்கு மனித விருப்பம் ஒத்துழைக்க வேண்டும் எனத் திரெந்துப் பொதுச்சங்கம் 1547 இல் அறிவித்தது. கடவுளின் தெரிவு நிபந்தனையற்றது எனக் கால்வினியர் 1618–19 இல் தோர்ட் மாநாட்டில் உறுதி செய்தனர்; எல்லோரும் ஏன் மீட்படையவில்லை என்னும் கேள்விக்கு, எல்லோரும் தெரிந்தெடுக்கப்படவில்லை என்பதே அவர்கள் விடை. தேசிகர் அஞ்சிய ஓரவஞ்சனை இதுவே.

லூத்தரன் சபையினர் அருள் அனைவருக்கும் உரியது, ஆனால் மனிதன் அதனை மறுக்க இயலும் என்பர். பிள்ளை லோகாசாரியரின் விலக்காமைக்கு மிக அருகில் வருவது இதுவே. இச்சபையினர் 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்தனர். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் மாதா கோயில் எழுப்பிய கத்தோலிக்கரான வீரமாமுனிவர், அவர்களை மறுத்து வேத விளக்கம் என்னும் நூலை எழுதினார்.