கை பழகும் விளையாட்டு

கொமரலிங்கத்திலிருந்து எங்களிடம் வருவோரில் அமராவதிப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் வளர்ப்போர் உண்டு. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் தைப்போரும் பிசிறு வெட்டுவோரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் கையே முதல். பக்கவாதம் அக்கையை முடக்கும்போது, "இனி வேலைக்குப் போக முடியுமா?" என்றே எங்களிடம் கேட்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே விடை கூற இயலாது. ஆனால் பயிற்சியின்றிக் கை தேறுவது அரிது. பாதிக்கப்பட்ட பகுதியின் வேலையை மூளையின் பிற பகுதிகள் கற்றுக்கொள்ள, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். சலிப்பினால் பலர் இடையில் நிறுத்திவிடுகிறார்கள். நல்ல கையே எல்லாவற்றையும் செய்யப் பழகுகிறது. மற்றது மேலும் பின்தங்குகிறது.

இச்சலிப்பை வெல்லவே மருத்துவ விளையாட்டுகள் தோன்றின. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து 'புளூட்டோ' என்னும் கைப்பயிற்சிக் கருவியை உருவாக்கியுள்ளன. ஒரே மோட்டாரில் வெவ்வேறு கைப்பிடிகளை மாற்றிப் பொருத்தலாம். மணிக்கட்டை மடக்கி நீட்டவும், முன்கையைத் திருப்பவும், விரல்களைத் திறந்து மூடவும் நோயாளி முயலும்போது, திரையில் விளையாட்டு நகர்கிறது. இயலாத அளவுக்கு மட்டுமே கருவி துணை செய்கிறது.

நல்ல மருத்துவ விளையாட்டின் இலக்கணம் இதுவே. எப்போதும் தோற்றால் மனம் சோரும். எப்போதும் வென்றால் கை முயலாது. ஆகவே கடினம் அவரவர் திறனுக்கேற்ப மாற வேண்டும். உடலைச் சாய்த்து வெற்றி பெற இடமளித்தால், தவறான அசைவே பழகிவிடும்.

திரையில் பெறும் புள்ளிகள் முடிவான அளவுகோல் அல்ல. புற்றுநோயுற்ற இளைஞர்களுக்காக 2006-இல் அமெரிக்காவில் வெளியான 'ரீ-மிஷன்' விளையாட்டை 375 பேரிடம் ஆய்ந்தனர். முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. அதை விளையாடியோர் மருந்துகளை மேலும் ஒழுங்காக உட்கொண்டனர். திரைக்கு வெளியே கிடைத்த அப்பயனே அதன் வெற்றி.

கருவி இல்லாத வீட்டிலும் இதைக் கடைப்பிடிக்கலாம். விரல்கள் ஓரளவு அசைந்தால், இயன்முறை மருத்துவரைக் கேட்டபின் பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். சோழியைப் பொறுக்கிக் குழியிலிடுவது விரல்நுனிக்கு நல்ல பயிற்சி. கடினமாயின் எலுமிச்சம்பழங்கள் போதும். எளிதாயின் சிறியவற்றுக்கு மாறுங்கள். அவர் தடுமாறும்போது அவசரப்பட்டு நீங்கள் எடுத்துப் போடாதீர்கள். யார் வென்றார் என்பதைவிட, எத்தனை முறை சரியாகச் செய்தார் என்பதை ஏட்டில் குறியுங்கள். தோள் வலித்தாலோ கை வீங்கினாலோ நிறுத்திவிட்டு எங்களிடம் கூறுங்கள்.

அடுத்த முறை வரும்போது அந்த ஏட்டையும் கொண்டு வாருங்கள். "வேலைக்குப் போக முடியுமா?" என்ற கேள்விக்கு விடை தேட, அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.