பின்னலாடை நகருக்கு ஒரு புதிய விருந்து

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் கன்னியாகுமரிக்கும் ஓடுகின்றது. திருப்பூரை அவ்வரிசையில் யாரும் வைப்பதில்லை. இவ்வூருக்கு வருவோர் பனியன் வாங்க வருகின்றனர். பொறி விற்க வருகின்றனர். வேலை தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகின்றனர். காதர்பேட்டையில் மூட்டை கட்டியதும் அடுத்த ரயிலுக்கு விரைகின்றனர். ஊரைக் காண்பதற்கென்றே வருவோர் மிகச் சிலரே.

காண்பதற்கு ஒன்றும் இல்லாமையா இதற்குக் காரணம்? இல்லை என்பதே என் கருத்து. 1932-ஆம் ஆண்டு ஜனவரியில் கொடியைக் கைவிடாது அடிபட்டு வீழ்ந்த குமரனின் நினைவிடம் நகரின் நடுவே இருக்கின்றது. வடக்கே அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் சுந்தரர் பாடல் பெற்ற தலங்கள். முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்டார் என்பது அவிநாசியின் புராண வரலாறு. பூண்டியிலோ இன்றும் சிற்பிகளின் உளியோசை கேட்கின்றது. தெற்கே உடுமலைப்பேட்டையைக் கடந்தால் திருமூர்த்தி மலையும் பஞ்சலிங்க அருவியும் உண்டு. அமராவதி அணையருகே முதலைப் பண்ணையும் உண்டு. காங்கேயத்தை அடுத்த படியூர், பச்சைக்கல்லுக்குப் பண்டு பெயர் பெற்றது. நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலில் அத்தகைய கற்களைப் பட்டை தீட்டி மணிகளாக்கியதை அகழாய்வு காட்டியுள்ளது. ரோம நாட்டு வணிகத்தோடு தொடர்புடையது அவ்வூர். அயல்நாட்டார்க்குச் சரக்கு செய்து அனுப்புவது இப்பகுதிக்கு நேற்று வந்த பழக்கம் அன்று.

இவை யாவும் பழையவை. புதிதாக வந்த ஒரு புகழைப் பற்றியே நான் சிறப்பாகக் கூற விரும்புகின்றேன். ஊத்துக்குளி வட்டத்தில், சர்க்கார் பெரியபாளையத்தை அடுத்து நஞ்சராயன் குளம் என்றோர் ஏரி உள்ளது. பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்னும் மன்னன் இதைச் செப்பனிட்டதால் இப்பெயர் வந்தது என்பர். பரப்பு ஏறத்தாழ 126 ஹெக்டேர். நல்லாற்றில் வரும் மழைநீரே இதற்கு உயிர். 2022-ஆம் ஆண்டில் தமிழகத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக இது அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. இங்கே 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் கணக்கிடப்பட்டுள்ளன. இமயத்தைக் கடந்து பறக்கவல்ல வரித்தலை வாத்தும் குளிர்காலத்தில் இங்கே வந்து தங்குகின்றது.

நேயர்களே, இனித்தான் நாம் சிந்திக்க வேண்டும். பெயர் பரவினால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் கடைகளும் ஒலிபெருக்கியும் படகுகளும் வரும். கரை முழுதும் ஆரவாரமானால், எதைக் காண மக்கள் வந்தனரோ அது பறந்து போய்விடும். விருந்தினர் பெருகி விருந்து மறைந்த கதையாகும் அது. பாரசீக வளைகுடாக் கரையில், துபாய் நகரின் நடுவே ராஸ் அல் கோர் என்னும் கழிமுகம் உள்ளது. அதுவும் 2007 முதல் ராம்சார் தலமே. அங்கே பூநாரைகளைக் காண வருவோர் நீரருகே திரிவதில்லை. மறைவிடங்களில் நின்று பார்த்துச் செல்கின்றனர். வானளாவிய மாளிகைகளை எழுப்பிய நகரமே பறவைக்கு அவ்வளவு இடம் விட்டிருக்கும்போது நம்மால் இயலாதா?

மற்றொன்று நீர். துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு மிகுதியாக வேண்டும். அவ்வுப்பு கழிவுநீரோடு நொய்யலில் கலந்து, கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. பாசனத்துக்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின், கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாது சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் முறை வேரூன்றியது. ஓர் ஆற்றைக் கெடுத்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைத் திருப்பூர் அறிந்ததுபோல் அறிந்த ஊர் அரிது. நல்லாற்றிலும் சாக்கடை கலக்க விட்டால் குளத்தின் பட்டயம் வெறும் காகிதமே.

ஆகவே முதலில் செய்ய வேண்டியவை விடுதிகளும் அலங்கார வளைவுகளும் அல்ல. நல்லாறு தெளிவாக ஓட வேண்டும். கரையில் குறித்த பாதையும், சில மறைவிடங்களும், பறவைகளைப் பெயர் சொல்லி விளக்கும் உள்ளூர் இளைஞர்களும் வேண்டும். வனத்துறையோடு ஊர்மக்களும் சேர்ந்து காத்து வரும் குளம் இது. வரும் வருவாயில் அவர்களுக்கும் பங்கு வேண்டும்.

இக்குளத்தின் முதல் விருந்தினர் யார்? கடல் கடந்து வரும் சீமான்கள் அல்லர் என்பேன். ஆறு நாளும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் தொழிலாளிக்கு, ஞாயிறன்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு செல்ல ஓரிடம் வேண்டும். தொலைதூர ஊர்களிலிருந்து வந்து ஒற்றை அறையில் வாழும் இளைஞனுக்கும் அது வேண்டும். தன் மக்கள் மகிழ்ந்து உலவும் ஊரைத்தான் பிறரும் நாடி வருவர்.