புற்றுக் காளானை அறியும் விதம்

சேலம் ஜில்லாவில் சேர்வராயன் கோயில் அமைந்துள்ள புல்மேடு 5,000 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. அங்கிருந்து ஏற்காடு வழியாக இறங்குங்கால், காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களும், அப்பால் இலையுதிர் காடுகளும், அடிவாரத்தில் புஞ்சைகளும் வருகின்றன. இத்தகைய மலைச்சாரல்களில் நல்ல மழைக்குப்பின், கறையான் குடியிருக்குமிடங்களில் புற்றுக் காளான் கூட்டமாய்க் கிளம்பும். ருசியில் அதற்கு ஈடு குறைவு. ஆயினும் நச்சுக் காளான்களும் அதே மழையில்தான் முளைக்கின்றன.

புற்றுக் காளானைக் கறையானின் பயிர் எனலாம். சருகையும் கட்டையையும் தின்ற கறையான்கள், தம் எச்சத்தால் புற்றுக்குள் அடைகள் கட்டி, அவற்றில் இப்பூஞ்சணத்தை வளர்த்து உண்கின்றன. 1942-ல் பிரெஞ்சு சாஸ்திரியான ரோஜர் ஹைம் இவ்வினத்திற்கு டெர்மிடோமைசிஸ் எனப் பெயரிட்டார். தமிழ்நாட்டில் கண்ட ஒரு வகைக்கு 1979-ல் நடராஜன் என்பார் ஹைமின் பெயரையே சூட்டினார். வைக்கோற் காளானைப்போல் இதைப் படுக்கையிட்டு விளைவிக்க இயலாது. ஆதலின் புற்றை வெட்டிச் சாய்ப்பவர் காளானையும் இழக்கிறார்.

காளானை மேலாகக் கிள்ளாமல், ஒன்றையேனும் சுற்றிலும் மண்ணகற்றி முழுமையாய் எடுத்தல் வேண்டும். பெரிய வகைகளில் தண்டின் அடி வேர்போல நீண்டு, புற்றின் அடைவரை செல்லும். குடையின் நடுவில் கூரிய குமிழ் காணும். குடையை அறுத்து, இதழ்ப்புறம் கீழாக வெள்ளைத் தாளின்மேல் ஓரிரவு மூடிவைத்தால், விழும் தூள் இளஞ்சிவப்பாயிருக்கும். வேரும் தூளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். வேருள்ள பிற காளான்களும், அந்நிறத் தூளுள்ள நச்சுக் காளான்களும் உண்டு. தண்டில் வளையமிருத்தல் எதற்கும் சான்றன்று. நடராஜன் விவரித்த நல்ல வகைக்கும் வளையம் உண்டு.

புல்தரைகளில் தோன்றும் குளோரோபில்லம் என்னும் காளானின் இதழ்கள் முதலில் வெண்மையாயிருந்து, பின் பச்சையாகும், தூளும் பச்சையே. உண்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் காணும். அதனினும் கொடியவை அமானிடா இனத்துச் சில காளான்கள். அவற்றின் தூள் வெண்மை. தண்டின் அடியில் ஒரு பை இருக்கும். கிள்ளியெடுப்பவர் கண்ணுக்கு அப்பை தப்பிவிடும். இந்நஞ்சு ஆறு மணி நேரத்திற்கு மேல் மறைந்திருந்து, வாந்தி பேதியாய் வெளிப்பட்டு, இடையில் குணமானதுபோல் காட்டி, பிறகு ஈரலைக் கெடுக்கும். கொதிக்கவைத்தாலும் போகாது. வெள்ளிக் கரண்டி கறுத்தல், பூண்டு நிறம் மாறுதல், பூச்சி அரித்திருத்தல் ஆகிய சோதனைகளை நம்பி உயிரிழந்தோர் பல நாடுகளிலும் உண்டு.

காளான் உண்டவர் நோயுற்றதாகக் கேள்விப்பட்டால், கிராம உத்தியோகஸ்தர்கள் வாந்தி நின்றதென்று வாளாவிராமல், உடனுண்ட யாவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். சமைக்காத மிச்சமோ, கழித்த அடித்தண்டோ அகப்பட்டால், அதைத் தாளில் பொதிந்து கூடவே கொடுத்தனுப்புக.