ஓவியர்கள் கட்டிய ஊர்!

குட்டீஸ்... கோவளத்தில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கு வந்திருக்கிறீர்களா? முட்டுக்காடு, உத்தண்டி, பனையூர் எல்லாம் தாண்டினால் ஈஞ்சம்பாக்கம் வரும். அங்கேதான் இருக்கிறது, 'சோழமண்டலம் ஓவியர் கிராமம்'. படிப்பு முடித்த மாணவர்களும், அவர்களுடைய ஆசிரியரும் சேர்ந்து உருவாக்கிய ஊர் இது!

சென்னையில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி மிகப் பழமையானது. 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் இதைத் தொடங்கினார். மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்களே... அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி, இந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின், 1957ல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். கோவையில் 1911ல் பிறந்த இவர், தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். ஓவிய ஆசையால், 25 வயதில் இதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார்.

முதல்வரான பணிக்கருக்கு ஒரு கவலை. நன்றாக வரையும் மாணவர்கள் படிப்பு முடிந்து வெளியே போனதும், ஓவியத்தையே விட்டு விடுகின்றனர். காரணம், அன்று சென்னையில் ஓவியங்களை வாங்க ஆள் இல்லை. வயிற்றுப் பாட்டுக்காக ஏதாவது ஒரு வேலைக்குப் போனால், பிறகு தூரிகையைத் தொட நேரம் ஏது?

இதற்கு அவர்கள் கண்ட வழிதான், கைத்தொழில். நாளில் கொஞ்ச நேரம் பத்திக் துணி, உலோகப் பொருட்கள் போன்றவற்றைச் செய்வது. அவற்றை விற்றுச் சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொள்வது. மீதி நேரத்தில் தங்கள் மனதுக்குப் பிடித்ததை வரைவது. 'ஓவியம் விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி, பட்டினி இல்லை' என்ற தைரியம் வந்தது.

கைவினைப் பொருட்கள் விற்ற பணத்தைச் சேர்த்து, 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். அப்போது அது வெறும் மணல்காடு. மின்சாரம் கிடையாது, இன்றைய அகலச் சாலையும் கிடையாது. குடிசை போட்டு வேலையை ஆரம்பித்தனர். பழைய சோழமண்டலக் கடற்கரையின் பெயரையே ஊருக்கும் வைத்தனர். 1967ல் ஓய்வு பெற்ற பணிக்கரும், மாணவர்களோடு அங்கேயே வாழ்ந்தார். 1977ல் அவர் மறைந்தார், ஊர் நிலைத்தது.

இங்கே வந்தவர்களில் சிலரைப் பார்ப்போமா?

ராமானுஜம்: இவருக்குச் சரளமாகப் பேச வராது. ஆனால், பேனாவும் மையும் கிடைத்தால் போதும்... மாளிகைகளும் விசித்திர விலங்குகளும் நிறைந்த கனவு நகரங்களை வரைந்து தள்ளி விடுவார்! அவரது திறமையைக் கண்டுகொண்டவர் பணிக்கர். 1973ல் இளம் வயதிலேயே ராமானுஜம் இறந்தாலும், அவருடைய ஓவியங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

நந்தகோபால்: பணிக்கரின் மகன். இயற்பியல் படித்து விட்டு, பிறகு கலை பயின்றவர். செம்பு, பித்தளைத் தகடுகளைப் பற்ற வைத்து அருமையான சிற்பங்கள் செய்தார். 2017ல் காலமானார்.

விஸ்வநாதன்: 1960களில் பாரிஸ் சென்று, அங்கேயே தங்கிப் புகழ்பெற்றார்.

வாசுதேவ்: ஓவியத்தோடு, செம்புத் தகட்டில் புடைப்பு வேலை செய்வதிலும் கெட்டிக்காரர். பின்னாளில் பெங்களூரில் குடியேறினார்.

இந்தக் கிராமத்தில், 2009ல் தற்காலக் கலைக்கான அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. சென்னையில் தொடங்கிய இந்தக் கலை இயக்கத்தின் படைப்புகளை அங்கே காணலாம்.

பத்திக் எப்படி?

உருக்கிய மெழுகால் துணியில் படம் வரைவார்கள். பிறகு துணியைச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஒட்டாது. சூடான சாயத்தில் மெழுகு உருகி விடும் என்பதால், குளிர்ந்த சாயம்தான் பயன்படும். மெழுகில் விரிசல் விழுந்த இடங்களில் சாயம் புகுந்து, மெல்லிய கோடுகள் தோன்றும். அதுதான் பத்திக்கின் தனி அழகு! கடைசியில் துணியை வெந்நீரில் போட்டால், மெழுகு கழன்று விடும்.

உங்களுக்கும் வரையவோ, பாடவோ, எழுதவோ ஆசையா? அதை விடாதீர்கள். கூடவே, கைக்கு ஒரு தொழிலையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மற்றொன்று துணை நிற்கும் என்பதற்கு, இந்த ஊரே சாட்சி!