வண்டியை ஓட்டல, உள்ள தூங்கினேன்: அதுக்கும் கேஸ் போடுவாங்களா?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரக் கேள்வி ஒரகடத்துல இருந்து வந்திருக்கு. வாய்ஸ் நோட் அனுப்பின நேயர் அங்க ஒரு ஃபேக்டரியில வேலை பார்க்கிறார். பழைய ஆம்னி வேன் ஒண்ணு வாங்கி, பின் சீட்டைக் கழட்டிட்டு மெத்தை போட்டிருக்கார். லீவு கிடைச்சா ஏலகிரி, ஏற்காடுன்னு கிளம்பிடுவாராம். சனிக்கிழமை ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்ல நண்பர்கள் ரூம்ல பார்ட்டி. "குடிச்சிட்டு ஓட்ட மாட்டேன் ப்ரோ, வேன்லயே படுத்துடுவேன். ஆனா போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டினா டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ் ஆகுமா? லைசென்ஸ் போயிடுச்சுன்னா வேலைக்கே சிக்கல்" அப்படின்னு கேட்கிறார்.

நல்ல கேள்வி. முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ல 185-வது பிரிவு. வண்டியை ஓட்டும்போதோ, ஓட்ட முயலும்போதோ, ஒருத்தரோட 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம். முதல் தடவை 6 மாசம் வரைக்கும் சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். மறுபடி மாட்டினா 2 வருஷம் வரைக்கும் சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது ரெண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னாடி முதல் தடவை அபராதம் அதிகபட்சமே 2,000 தான்.

இதுல கவனிக்க வேண்டியது "ஓட்டும்போது", "ஓட்ட முயலும்போது" அப்படிங்கிற ரெண்டு வார்த்தைதான். பின்னாடி மெத்தையில படுத்துத் தூங்குறவர் ஓட்டவும் இல்ல, ஓட்ட முயலவும் இல்ல. அதனால தூங்கினதுக்காக மட்டும் 185 பொருந்தாது.

அப்புறம் ஏன் இந்தப் பயம்? வேன் லைஃப் வீடியோ பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிரிட்டன்ல சட்டம் வேற மாதிரி. அங்க போதையில ஓட்டுறது மட்டுமில்ல, வண்டி உங்க பொறுப்புல இருந்தாலே குற்றம் ஆகலாம். சாவியைக் கையில வெச்சுக்கிட்டு உள்ள தூங்கினவங்க மேலயும் கேஸ் வரலாம். போதை தெளியற வரைக்கும் ஓட்ட வாய்ப்பே இல்லைன்னு நிரூபிச்சாதான் தப்பிக்கலாம். நம்ம 185-வது பிரிவுல அந்த "பொறுப்புல இருப்பது" கிடையாது.

சரி, நிம்மதியா தூங்கலாமான்னு கேட்டா, அவசரப்படாதீங்க. நாலு விஷயம் இருக்கு.

முதலாவது, அந்த இடத்துக்கு வண்டி எப்படி வந்துச்சு? ரூம்ல குடிச்சிட்டு, 3 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு சர்வீஸ் ரோட்டுல ஓரங்கட்டிப் படுத்தா, அந்த 3 கிலோமீட்டருக்குக் குற்றம் ஏற்கெனவே முடிஞ்சுபோச்சு. தூங்கினதால அது அழியாது. ஃபாஸ்டேக் பதிவு, சிசிடிவி, பார்த்த சாட்சி எல்லாம் நேரத்தைச் சொல்லும். அதனால குடிக்கிறதுக்கு முன்னாடியே வண்டி நிக்க வேண்டிய இடத்துல நிக்கணும்.

ரெண்டாவது, எங்க உட்கார்ந்திருக்கீங்க? டிரைவர் சீட்டுல, இன்ஜின் ஓடிக்கிட்டு, ஏசி போட்டுத் தூங்குறதைப் போலீஸ் பார்த்தா, "ஓட்ட முயன்றார்"னு சொல்ல இடம் கொடுக்குறீங்க. நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் அதைக் கோர்ட்டுல போய்தான் சொல்லணும்.

இன்ஜின் பத்தி இன்னொண்ணு. இது உயிர் சம்பந்தப்பட்டது. 2024 டிசம்பர்ல கோழிக்கோடு மாவட்டம் வடகரையில, ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர்ல இருந்து கார்பன் மோனாக்சைடு உள்ள வந்ததுதான் காரணம்னு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை பண்ணிச் சொன்னாங்க. அந்த வாயுவுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. குடிச்சிட்டுத் தூங்குறவருக்குத் தலைவலி வந்தாலும் முழிப்பு வராது. அதனால இன்ஜினையும் ஜெனரேட்டரையும் நிறுத்திடுங்க. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கொசுவலை மாட்டிக்கோங்க.

மூணாவது, எங்க நிறுத்தியிருக்கீங்க? வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுலயும், சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டுலயும் ராத்திரி டிரெய்லரும் கம்பெனி பஸ்ஸும் ஓடிக்கிட்டே இருக்கும். மத்தவங்களுக்கு ஆபத்தாவோ இடைஞ்சலாவோ வண்டியை விடக் கூடாதுன்னு 122-வது பிரிவு சொல்லுது. இருட்டுல நிக்கிற வண்டி பின்னாடி வர்றவருக்கும் எமன், உள்ள படுத்திருக்கிறவருக்கும் எமன்.

அதோட, பொது இடத்துல போதையில இருக்கிறதைத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 தனியா ஒரு குற்றமாப் பார்க்குது. "என் வண்டி என் வீடு மாதிரி"ன்னு வாதாடலாமேன்னு தோணும். 2016-ல ஜார்கண்ட்ல இருந்து பாட்னா போன ஒரு காரை பீகார் போலீஸ் நிறுத்தினாங்க. கார்ல பாட்டில் இல்ல, ஆனா உள்ள இருந்தவங்க குடிச்சிருந்தது ஊதவெச்சதுல தெரிஞ்சது. அந்த வழக்குல 2019-ல உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையில இருக்கிற தனியார் வண்டியும் "பொது இடம்"தான்னு சொல்லிடுச்சு. அது பீகார் மதுவிலக்குச் சட்டத்துல இருக்கிற விளக்கத்தை வெச்சு வந்த தீர்ப்பு. ஆனாலும் ரோட்டுல நிக்கிற வேனை வீடுன்னு நம்பி உட்கார வேண்டாம். நண்பர் வீட்டு காம்பவுண்டுக்குள்ள, அவங்க சம்மதத்தோட நிறுத்துறதுதான் நல்லது.

நாலாவதுதான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். காலையில 6 மணி ஷிப்ட். தூங்கி எழுந்தாச்சு, முகம் கழுவியாச்சு, டீ குடிச்சாச்சு. போதை இறங்கிடுச்சா?

கணக்குப் போடுவோம். 180 மில்லி பிராந்தி, ஆல்கஹால் 42.8 சதவீதம். அதுல சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால். 65 கிலோ எடை இருக்கிற ஆணுக்கு இது ரத்தத்துல தோராயமா 130, 140 மில்லிகிராம் வரைக்கும் போகலாம். உடம்பு மணிக்கு சுமாரா 15 மில்லிகிராம்தான் குறைக்கும். ராத்திரி 11 மணிக்குக் குடிச்சா, காலை 6 மணிக்கு 30-ஐ ஒட்டியே நிக்கும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ரெண்டு அடிச்சா, காலை 9 மணிக்குக் கூட எல்லையைத் தாண்டியிருக்கலாம். ஆளுக்கு ஆள் இது மாறும். பெண்களுக்கும் எடை குறைவானவங்களுக்கும் இன்னும் அதிகமா ஏறும். தூக்கமோ, மோரோ, குளியலோ இந்த வேகத்தைக் கூட்டாது.

ஒருவேளை கேஸ்னு வந்துட்டா? 185-ல கைது பண்ணினா 2 மணி நேரத்துக்குள்ள மருத்துவப் பரிசோதனை நடத்தணும், இல்லைன்னா விட்டுடணும். இது 202-வது பிரிவு. ஆனா ஊத மாட்டேன்னு அடம் பிடிக்காதீங்க. சரியான காரணம் இல்லாம மறுத்தா, அது உங்களுக்கு எதிரான ஆதாரத்துக்கு வலு சேர்க்கும்னு 205 சொல்லுது. இன்னொண்ணு, போதையில இருக்கிற நண்பனுக்குத் தெரிஞ்சே சாவி கொடுத்து ஓட்டச் சொன்னா, உடந்தைன்னு 188-ல உங்களுக்கும் அதே தண்டனை வரலாம்.

ஆக, அந்த ஒரகடம் நேயருக்கு என் பதில் இதுதான்: தம்பி, வேன்ல தூங்குற முடிவு சரியானது. ஆனா குடிக்கிறதுக்கு முன்னாடியே வண்டியை காம்பவுண்டுக்குள்ள நிறுத்துங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, சாவியைக் குடிக்காத ஒருத்தர்கிட்ட கொடுங்க. மறுநாள் காலை ஷிப்ட் இருந்தா, வேனை அங்கேயே விட்டுட்டு கம்பெனி பஸ்ல போங்க.

உங்க கேள்விகளையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.